கோதையாற்றில் கல்லானை: ரப்பர் தொழிலாளியின் சாட்சியை எவ்வளவு நம்பலாம்?

கேள்வி – செப்டம்பர் 6, 2025

குலசேகரத்திலிருந்து எழுதுகிறேன். என் சித்தப்பா கோதையாறு பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறவர். போன வாரம் விடிவதற்கு முன் வெட்டிக்கொண்டிருந்தபோது, தனியாக நின்ற ஒரு யானையைப் பார்த்திருக்கிறார். உயரம் அவர் நெஞ்சளவுதானாம். ஆனால் குட்டி இல்லை, முழு வளர்ச்சி அடைந்த யானை என்று அடித்துச் சொல்கிறார். மலைவாழ் காணிக்காரர்கள் சொல்லும் கல்லானை இதுதான் என்று எங்கள் வீட்டில் எல்லோரும் நம்புகிறோம். அவர் குடிப்பவர் அல்லர், பொய் சொல்பவரும் அல்லர். சாட்சி இவ்வளவு உறுதியாக இருக்கும்போது ஏன் ஏற்கக் கூடாது?

செப்டம்பர் 6, இரவு

குடிக்க மாட்டார், பொய் சொல்ல மாட்டார். நல்லது. யானையின் உயரத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

நான் குழித்துறையில் வக்கீல் குமாஸ்தாவாக இருந்து ஓய்ந்தவன். கூண்டில் ஏறிப் பொய் சொன்னவர்களைவிட, மனமறிந்து ஒரு பொய்யும் சொல்லாமல் தப்பாகச் சொல்லிவிட்டு இறங்கியவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். பொய்யன் எங்காவது உளறுவான், குறுக்கு விசாரணையில் மாட்டுவான். நேர்மையாகத் தவறுகிறவரை அசைக்க முடியாது. தன் சொல்லை அவரே நம்புவதால் குரல் நடுங்காது. எங்கள் வக்கீலுக்கு ரொம்ப உறுதியாகப் பேசும் சாட்சியைக் கண்டால்தான் பயம்.

உங்கள் சித்தப்பாவிடம் கேட்டுச் சொல்லுங்கள்: என்ன விளக்கு, எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் பார்த்தார், யானை நின்ற இடம் மேடா பள்ளமா, பார்த்த உடனே முதன்முதலில் யாரிடம் என்ன சொன்னார். கடைசிக் கேள்விக்குத்தான் எனக்கு முதலில் பதில் வேண்டும்.

செப்டம்பர் 7

கல்லானை என்றால் என்ன என்று சிலர் கேட்டிருப்பதால் சுருக்கமாக எழுதுகிறேன். அகத்தியமலைக் காடுகளில் சாதாரண யானை தவிர, ஐந்தடிக்கு மேல் வளராத இன்னொரு யானை இருப்பதாகக் காணிகள் சொல்கிறார்கள். பாறைச் சரிவுகளில் வேகமாக ஏறும், பெரிய யானைக் கூட்டத்தோடு சேராது என்பது அவர்கள் கூற்று. பாலோட்டைச் சேர்ந்த வனவிலங்குப் புகைப்படக்காரர் சாலி, காணி நண்பர் ஒருவரோடு பேப்பாறை சரணாலயத்தில் அப்படி ஒன்றைக் கண்டு படம் எடுத்ததாக 2005இல் செய்தி வந்தது. 2010இல் இன்னொரு முறை வந்தது. படங்கள் இருக்கின்றன. தனி இனம் என்று அறிவியல் இதுவரை ஏற்கவில்லை.

பேப்பாறை கேரளத்தில் இருக்கிறதே, கோதையாற்றுக்கு எப்படி வரும் என்று ஒருவர் கேட்டார். மாநில எல்லை போட்டது 1956இல். யானைக்கு யாரும் தெரிவிக்கவில்லை. நம் பக்கத்தில் 2008இல் கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலயம் வந்தது. 2022இல் அகத்தியமலை யானைகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. ஒரே மலை, ஒரே காடு. இடம் பொருந்துகிறது என்பதோடு அந்தப் பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

செப்டம்பர் 7, மாலை

"மலைக்காரர்கள் சொல்வதையெல்லாம் நம்ப முடியுமா" என்று கேட்டவருக்கு. 1987இல் அகத்தியமலையில் ஏறிய தாவரவியல் குழுவினர் மூச்சு வாங்கி உட்கார்ந்தபோது, உடன்வந்த காணிகள் மட்டும் ஏதோ ஒரு காயைத் தின்றுகொண்டு களைக்காமல் நடந்தார்கள். குழுவிலிருந்த புஷ்பாங்கதன் கவனித்துக் கேட்டார். அந்தக் காயைத் தரும் ஆரோக்கியப்பச்சைச் செடி வெளியுலகுக்குத் தெரிந்தது அப்படித்தான். பாலோட்டிலுள்ள தாவரவியல் ஆய்வு நிறுவனம் அதை வைத்து ஜீவனி என்ற மருந்தை உருவாக்கியது, காணிகளுக்கு அதில் பங்கும் கிடைத்தது. அவர்கள் சொல் ஆய்வுக்கூடத்தில் நின்றது.

அதனால் கல்லானையும் நிற்கும் என்று நான் சொல்ல வரவில்லை. செடியைப் பிடுங்கி மேசைமேல் வைக்க முடிந்தது, யானையை வைக்க முடியவில்லை. ஆனால் சொன்னவர் யார் என்று பார்த்தே ஒரு சாட்சியைத் தள்ளுகிற பழக்கத்தை இங்கே யாரும் காட்ட வேண்டாம். நீதிமன்றத்தில் நிறையப் பார்த்தாயிற்று. வேட்டி வெளுப்பாக இருந்தால் குரலுக்கு எடை கூடும்.

செப்டம்பர் 9

குலசேகரத்து நண்பரின் பதில் வந்தது. சித்தப்பா வீட்டுக்கு வந்து "சின்ன ஆனை ஒன்றைப் பார்த்தேன்" என்றாராம். இவர் உடனே, "கல்லானைதானே சித்தப்பா?" என்று கேட்டாராம். அவர், "ஆமாம், அதாகத்தான் இருக்கும்" என்றாராம்.

தம்பி, வேலையைக் கெடுத்துவிட்டீர்கள்.

விடையைக் கேள்விக்குள்ளேயே வைத்துக் கேட்பதை முதல் விசாரணையில் நீதிமன்றம் அனுமதிப்பதில்லை. காரணம் சட்டத்தைவிடப் பழையது. கேள்வியில் இருப்பது நினைவுக்குள் நுழைந்துவிடும். 1974இல் எலிசபெத் லாஃப்டஸ், ஜான் பாமர் என்ற உளவியலாளர்கள் இருவரும் அமெரிக்க மாணவர்களுக்குக் கார்கள் மோதும் படத்தைக் காட்டி, என்ன வேகத்தில் வந்தன என்று கேட்டார்கள். கேள்வியில் ஒரே ஒரு வினைச்சொல்லைத்தான் மாற்றினார்கள். "நொறுங்க மோதியபோது" என்ற பொருளில் கேட்டால் சராசரி விடை மணிக்கு 40.8 மைல். "தொட்டபோது" என்ற பொருளில் கேட்டால் 31.8. இன்னொரு சோதனையில் ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டார்கள். படத்தில் கண்ணாடியே உடையவில்லை. "நொறுங்க" என்று கேட்கப்பட்ட 50 பேரில் 16 பேர் பார்த்ததாகச் சொன்னார்கள். சாதாரணமாக "மோதியபோது" என்று கேட்கப்பட்ட 50 பேரில் 7 பேர்.

அந்தப் பதினாறு பேரும் குடிகாரர்கள் அல்லர்.

செப்டம்பர் 10

யட்சியைப் பார்த்தவர்களையும் விசாரிக்க வேண்டும் என்று ஒருவர் கேலி செய்கிறார். என் பாட்டி பார்த்திருக்கிறாள், ஏழிலைப்பாலை மரத்தடியில். கள்ளியங்காட்டு நீலி பிறந்த மாவட்டத்தில் இதற்கெல்லாம் ஆச்சரியம் எதற்கு? பாட்டியைக் குறுக்கு விசாரணை செய்ய எங்கள் வீட்டில் எந்த ஆணுக்கும் துணிவு இருந்ததில்லை. யானைக்கு வருவோம்.

செப்டம்பர் 13

விளக்கு பற்றி. சித்தப்பா நெற்றியில் கட்டும் எல்.இ.டி. விளக்கோடுதான் வெட்டுகிறார். விடிவதற்கு முன் மரத்துக்குள் அழுத்தம் அதிகம், பால் நன்றாக ஒழுகும். அதனால் எல்லோரும் இருட்டில்தான் கத்தியை எடுக்கிறார்கள். நெற்றி விளக்கில் ஒரு சிக்கல் உண்டு. வெளிச்சம் நம் கண்ணுக்குச் சற்று மேலிருந்தே புறப்படுவதால், நிழல்கள் பொருளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். நிழல் தெரியாவிட்டால் பள்ளமும் மேடும் தெரியாது, அருகிலிருப்பதும் தொலைவிலிருப்பதும் ஒட்டித் தெரியும். செம்மண் பூசிய யானை வேறு நிறமாகவே தோன்றும். "செம்பட்டை நிறம்" என்று அவர் சொன்னதை நான் இதனால்தான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு விபத்து வழக்கில், மஞ்சள் சோடியம் விளக்கடியில் பார்த்த லாரியைப் பச்சை என்று ஒருவர் சத்தியம் செய்தார். லாரி நீலம். அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை.

தூரம்: "விளித்தால் கேட்கும் தூரம்" என்கிறார். இதைக் கேட்டு எத்தனை முன்சீப்புகள் தலையில் கை வைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். மீட்டரில் சொல்லுங்கள் என்று அதட்டினால் சாட்சி பயந்து வாயில் வந்த எண்ணைச் சொல்வார், அது ஆவணத்தில் ஏறிவிடும். அவரவர் தொழிலில் புழங்கும் அளவிலேயே கேட்க வேண்டும். ஆகவே நண்பர் மூலம் இப்படிக் கேட்கச் சொன்னேன்: யானைக்கும் உங்களுக்கும் நடுவில் எத்தனை மரம்? யானையின் முதுகு, பக்கத்து மரத்தில் எந்த இடத்துக்கு வந்தது?

முதல் கேள்விக்கு உடனே பதில் வந்தது: நாலு மரம். இரண்டாவதற்கு வந்த பதில்தான் தங்கம்: "முதுகு வெட்டுக்குச் சமமாக இருந்தது." தினமும் கத்தி வைக்கும் இடம் அது. வேறு எதில் தவறினாலும் இதில் அவர் தவறுவது கடினம். ஒட்டுக்கன்று மரத்தில் தரையிலிருந்து ஏறத்தாழ 125 சென்டிமீட்டர் உயரத்தில் முதல் வெட்டுத் தொடங்கி, ஆண்டுக்காண்டு கீழே இறங்கும். அப்படியானால் யானை நாலடி சொச்சம்தான்.

யானைக் குட்டி பிறக்கும்போதே மூன்றடி இருக்கும். மூன்று நான்கு வயதில் ஐந்தடியைத் தொட்டுவிடும். அளவு மட்டும் போதாது என்பதை மறக்க வேண்டாம்.

செப்டம்பர் 14

அருமனையிலிருந்து ஒரு ரப்பர் விவசாயி எழுதியிருக்கிறார்: பழைய மரமானால் கீழ்ப்பட்டை தீர்ந்து மேல்நோக்கி வெட்டுவார்கள், நீளக் காம்புக் கத்தி வேண்டும், அப்போது வெட்டு ஆள் உயரத்துக்கும் மேலே இருக்கும். மிகச் சரி. அந்த மரத்தை நேரில் பார்த்தால் ஒழிய இது தீராது.

செப்டம்பர் 20

பார்த்தாயிற்று. பேச்சிப்பாறை தாண்டி பஸ்ஸில் போய் இறங்கி, நண்பரும் சித்தப்பாவும் முன்னே நடக்க, பட்டப்பகலில் தோட்டத்துக்குள் போனோம். என் முழங்கால் இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறது.

மரம் கீழ்வெட்டு மரம்தான். நாடா வைத்து அளந்தேன், வெட்டின் மேல்முனை மூன்றே முக்கால் அடி. அருமனைக்காரரின் சந்தேகம் நீங்கியது. ஆனால் வேறொன்று முளைத்தது. மலைச்சரிவாகையால் மரங்களை மட்டம் வெட்டிப் படிபடியாக நட்டிருக்கிறார்கள். சித்தப்பா நின்றதும் அந்த மரம் நிற்பதும் ஒரே மட்டம். யானை நின்றதாகக் காட்டிய இடம் மரத்துக்கு அப்பால், அடுத்த மட்டத்தில். அது என் இடுப்பளவு தாழ்வு. நடுவில் இடைவெளி தெரியாதபடி காட்டுச்செடி மண்டிக் கிடக்கிறது.

நிழலில்லாத வெளிச்சத்தில் இரண்டு மட்டமும் ஒன்றாகத்தான் தெரியும். மூன்றே முக்கால் அடியோடு இடுப்பளவைக் கூட்டினால் ஏழடியை நெருங்குகிறது. அது ஒரு இளம் பெண் யானையின் உயரம். யாரையும் வியக்க வைக்காது.

கால் தெரிந்ததா என்று நான் கேட்கவில்லை. "கீழே என்ன பார்த்தீர்கள்?" என்று மட்டும் கேட்டேன். சற்று யோசித்து, "செடிதான்" என்றார். இந்த மனிதரை எனக்குப் பிடித்துவிட்டது.

காலடித் தடம் இருந்திருந்தால் இவ்வளவு பாடு இல்லை. முன்னங்காலின் சுற்றளவை இரண்டால் பெருக்கினால் யானையின் தோள் உயரம் ஏறக்குறைய வந்துவிடும், யானைக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. 75 சென்டிமீட்டர் சுற்றளவுள்ள தடம் கிடைத்திருந்தால் ஐந்தடி யானை என்று நானே எழுதியிருப்பேன். அன்று காலையிலேயே மழை கொட்டியிருக்கிறது. லத்தியும் (யானைச் சாணமும்) இல்லை. இருந்தால் உருண்டையின் பருமனை வைத்து வயதை ஊகிக்கலாம், மரபணுவும் எடுக்கலாம்.

செப்டம்பர் 20, இரவு

முக்கியமானதை விட்டுவிட்டு முழங்காலைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். அன்று பக்கத்து வரிசையில் வெட்டிக்கொண்டிருந்தவரையும் பார்த்தேன். சித்தப்பாவைச் சற்றுத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுக் கேட்டேன். அவர் காதில் விழுந்த வார்த்தைகள்: "குட்டி நிற்கிறது, தள்ளை பக்கத்தில்தான் நிற்கும், ஓடு!" தள்ளை என்றால் எங்கள் பக்கத்தில் தாய். இருவரும் கத்தியைக்கூட எடுக்காமல் ஷீட் அடிக்கும் கொட்டகைக்கு ஓடியிருக்கிறார்கள்.

ஆக, கண்ட கணத்தில், யாரும் எதுவும் கேட்பதற்கு முன், அவருக்கு அது குட்டி. "குட்டி இல்லை" என்பது எப்போது வந்தது? விடியும்வரை கொட்டகையிலிருந்து பார்த்தார்களாம், தள்ளை வரவேயில்லை. தள்ளை இல்லாத குட்டி ஏது? ஆகவே குட்டி இல்லை. ஆகவே பெரியது. ஆகவே கல்லானை. முதல் வாக்கியத்தை மட்டும்தான் கண் சொன்னது. மற்றவை கொட்டகையிலும் வீட்டிலுமாக உருவானவை. அதுவும் அறிவுள்ள மனிதர் செய்த நல்ல ஊகம்தான், சும்மா தள்ளிவிட மாட்டேன். ஆனால் ஊகத்தைச் சாட்சியம் என்ற தலைப்பின்கீழ் எழுத முடியாது.

செப்டம்பர் 21

இரவில் தூங்கவில்லை. ஒன்று உறுத்துகிறது. திரும்பும்போது, "காதைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று பொதுவாகக் கேட்டிருந்தேன். "மேல் ஓரம் மடிந்து தொங்கியது, கீழே கிழிந்திருந்தது" என்றார். ஆசிய யானைக்கு வயது ஏற ஏறத்தான் காதின் மேல்விளிம்பு மடியும். குட்டிக்கு மடியாது. கல்லானைக் கதைகளில் காது மடிப்பு பற்றி நான் கேள்விப்பட்டதில்லை, அவரும் கேட்டுச் சொல்லியிருக்க வழியில்லை. கதையிலிருந்து எடுத்ததாகத் தெரியாத ஒரு விவரம், யாரும் தூண்டாமல் வந்தது. இதற்கு எடை போட்டே ஆக வேண்டும்.

மட்டத்தின் தாழ்வையும் காது மடிப்பையும் சேர்த்து வைத்தால், வளர்ந்த சாதாரணப் பெண் யானை ஒன்று பள்ளத்தில் நின்றது என்று ஆகிறது. "குட்டி இல்லை" என்று சித்தப்பா சொன்னது சரி, "நெஞ்சளவு" என்றது மட்டும் தோற்றம். தனியாக நிற்கும் பெண் யானை அபூர்வம்தான், ஆனால் நாலு மரத்துக்கு அப்பால் இருட்டில் மற்றவை நின்றிருந்தால் யாருக்குத் தெரியும்?

செப்டம்பர் 22

குள்ள யானையே உலகில் கிடையாது என்று எழுதியவர் இலங்கைச் செய்தியைப் படிக்கவில்லை போலிருக்கிறது. 2013இல் உடவளவை தேசியப் பூங்காவில் ஒரு ஆண் யானை படமெடுக்கப்பட்டது. உயரம் ஐந்தடி, உடல் சாதாரண யானையின் நீளம், கால்கள் மட்டும் குட்டை. முழு வளர்ச்சி அடைந்தது மட்டுமல்ல, தன்னைவிட உயரமான ஆண் யானையோடு சண்டையும் போட்டது. மனிதரில் குள்ளர் பிறப்பதுபோல யானையிலும் பிறக்கும் என்பதற்கு அது போதும்.

அந்த ஒரு யானையால் இலங்கையில் புது யானை இனம் எதுவும் பிறந்துவிடவில்லை. பேப்பாறைப் படங்களையும் அப்படித்தான் பார்க்கிறேன். ஒரு குள்ள யானையைப் படமெடுத்தார்கள் என்பதை ஏற்க எனக்குத் தயக்கம் இல்லை. தலைமுறை தலைமுறையாகத் தனிக் கூட்டமாக வாழும் இனம் என்றால், இத்தனை ஆண்டுகளில் ஒரு எலும்புக்கூடு, ஒரு தாடை, லத்தியிலிருந்து மரபணு என்று ஏதாவது ஒன்று மேசைக்கு வந்திருக்க வேண்டும்.

செப்டம்பர் 24

இப்போது மேலும் மூன்று பேர் பார்த்திருப்பதாக நண்பர் மகிழ்ச்சியோடு எழுதுகிறார். மூவரும் எப்போது வாய் திறந்தார்கள்? சித்தப்பா கதை குலசேகரம் சந்தைவரை போன பிறகு. ஒரு உண்மையை நிரூபிக்க இத்தனை சாட்சிகள் வேண்டும் என்ற கணக்கு கிடையாது என்று 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 134ஆம் பிரிவு சொன்னது. 2024 ஜூலையில் புதுச் சட்டம் வந்த பிறகும் விதி அதேதான். ஒருவர் போதும். ஒருவரைக் கேட்டுவிட்டுச் சொல்லும் பத்துப் பேர் அந்த ஒருவருக்குள் அடக்கம்.

2023இல் சிற்றாறு ரப்பர் குடியிருப்பில் புலி வந்ததை நினைத்துப் பாருங்கள். அங்கே எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதா முக்கியமாக இருந்தது? ஆடும் மாடும் செத்துக் கிடந்தன. தேடுதல் வாரக்கணக்கில் நடந்து, ஆகஸ்டில் மயக்க ஊசி போட்டுப் பிடித்தார்கள்.

அக்டோபர் 2

யானைக்குத் தந்தம் முளைத்துவிட்டது. நேற்று பேச்சிப்பாறைக் கடையில் ஒருவர் சொல்லக் கேட்டேன்: "நாலடி ஆனை, இரண்டடித் தந்தம்." சித்தப்பா தந்தம் பற்றிப் பேசியதே இல்லை. அவரைத் தேடி ஆட்கள் வருகிறார்களாம், இளவட்டங்கள் இரவில் கோதையாற்றுச் சாலையில் பைக்கில் போகிறார்களாம். ஏழடி யானையும் மிதிக்கும், நாலடி யானையும் மிதிக்கும். அது சரணாலயப் பகுதி என்பது வேறு. தயவுசெய்து அவரிடம் இனி யாரும் எதுவும் கேட்காதீர்கள். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் கேட்பவர் முகத்தைப் பார்த்து நினைவு கொஞ்சம் நகரும், அவர் மட்டும் என்ன விதிவிலக்கா?

அக்டோபர் 5

பழைய பழக்கம் விடவில்லை. அவர் சொன்னதைப் பத்து வரியில் எழுதி எடுத்துக்கொண்டு போய், குலசேகரத்தில் நண்பர் வீட்டுத் திண்ணையில் உட்கார வைத்துப் படித்துக் காட்டினேன். என் மட்டக் கணக்கை அவரிடம் சொல்லவில்லை, அதைச் சொன்னால் நானும் நண்பரும் ஒன்றாகிவிடுவோம். பால் நிறைந்த சிரட்டையைத் தூக்கும் கவனத்தோடு கேட்டுக்கொண்டிருந்தார். தந்தத்தைப் பற்றி, "நான் பார்க்கவில்லை, எழுதாதீர்கள்" என்றார். "உயரம் நெஞ்சளவு" என்ற வரி வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார். "செடிக்கு மேலே தெரிந்தது நெஞ்சளவு என்று போடுங்கள் சார்."

நண்பர் முகம் வாடிப்போனது. திருத்தி எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்கி, தாளை நண்பரிடமே கொடுத்துவிட்டேன். வனத்துறை அலுவலகத்தில் கொடுப்பதும் கொடுக்காததும் அவர்கள் பாடு.